நப்ஸும் நனவிலி மனமும்

தமிழ் வகுப்புகளில் இலக்கியத் திறனாய்வைப் பயிற்றுங்கால் உளவியல் அணுகுமுறை என்னும் பகுதியை அடைந்ததும் மாணவர் முகத்தில் ஆர்வமும் கூச்சமும் ஒருங்கே தோன்றுவதுண்டு. சிக்மண்டு ஃபிராய்டு என்னும் பெயரைக் கேட்டவுடனேயே, இவர் பாலுணர்ச்சியைப் பற்றி மட்டும் பேசியவர் என்னும் எண்ணம் அவர்களிடம் முன்னதாகவே குடிகொண்டிருக்கிறது. நம் சமுதாய மாணவர் சிலர் ஒருபடி மேற்சென்று, தேர்வு விடைத்தாளில் ஒரு சமன்பாட்டையும் எழுதிவிடுகின்றனர். நப்ஸ் அம்மாராவே ஃபிராய்டு கூறும் 'இட்'. நப்ஸ் லவ்வாமாவே 'சூப்பர் ஈகோ'. நப்ஸ் முத்மயின்னாவே 'ஈகோ' என்பது அது. மூன்றுக்கு மூன்று பொருந்துவதால் பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. மேடைப் பேச்சுகளிலும் இதனைக் கேட்கிறோம்.

இச்சமன்பாடு எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் முறியும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மதிப்பெண் பற்றிய கவலை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. உள்ளத்தில் எழும் எண்ணங்களுக்காகத் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் இளைஞர் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் உள்ளனர். அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பது இச்சமன்பாட்டைச் சார்ந்திருக்கிறது.

சொல்லில் விளைந்த தடுமாற்றம்

ஃபிராய்டு 1856ஆம் ஆண்டு மொராவியாவில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, வியன்னா நகரில் மருத்துவராகப் பணியாற்றி, ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைக்கொண்ட 1938இல் இலண்டனுக்குப் பெயர்ந்து, மறு ஆண்டு அங்கேயே மறைந்தவர். மனத்தை நனவு மனம், இடை மனம், நனவிலி மனம் என முதலில் பகுத்தார். இப்பகுப்புப் போதாமையை உணர்ந்து, 1923ஆம் ஆண்டு வெளிவந்த சிறு நூலொன்றில் ஆளுமையின் மூன்று கூறுகளை வகுத்தார். அவற்றையே இன்று நாம் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என வழங்குகிறோம்.

ஆனால் ஃபிராய்டு இச்சொற்களை எழுதவில்லை. அவர் எழுதியவை ஜெர்மானியச் சிறுவனும் அறிந்த வீட்டுச் சொற்கள். 'எஸ்' என்றால் 'அது'; 'இஷ்' என்றால் 'நான்'; 'யூபர் இஷ்' என்றால் 'மேல்நான்'. ஆங்கிலத்திற் பெயர்த்தோர், மருத்துவ நூலுக்கு மிடுக்கு வேண்டும் எனக் கருதினர் போலும்; இலத்தீனச் சொற்களைப் பெய்தனர். தமிழோ ஆங்கிலத்தின் வழியாக அவற்றைப் பெற்றது. விளைவு என்ன? "அவருக்கு ஈகோ மிகுதி" என்று செருக்கைக் குறிக்கத் தெருவிலும் திரைப்படத்திலும் வழங்கும் சொல்லாக 'ஈகோ' மாறிவிட்டது. ஃபிராய்டு கூறும் 'நான்' செருக்கு அன்று. பார்ப்பதும், நினைவிற் கொள்வதும், ஆராய்வதும், பொறுத்திருப்பதும் அதன் தொழில்கள்.

காரைக்கால் பகுதியினருக்கு இதனை விளக்குவது எளிது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவிய மண் இது. பிரெஞ்சுப் பள்ளியிற் பயின்ற பெரியவர்கள், அம்மொழியில் இம்மூன்றும் 'ஸா', 'முவா', 'ஸுர்முவா' என வழங்குவதைக் கேட்டால் உடனே புன்னகைப்பர். 'அது', 'நான்', 'மேல்நான்' என்னும் அதே எளிய சொற்கள் அவை. ஆங்கிலம் மறைத்ததைப் பிரெஞ்சு மறைக்கவில்லை. இக்கட்டுரையில் நாமும் அவ்வாறே வழங்குவோம். "எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் அது என்னை இழுக்கிறது" என்று ஒருவன் சொல்லும்போது, அத்தொடரிலேயே ஃபிராய்டின் கொள்கை அடங்கியிருப்பதைத் தமிழ் மாணவர் உய்த்துணரலாம்.

மற்றொரு சொல்லிலும் இத்தகைய தடுமாற்றம் நேர்ந்துள்ளது. நம் பாடநூல்கள் பலவற்றில், உள்ளத்தை இயக்கும் ஆற்றல் 'இயல்பூக்கம்' எனப்படுகிறது. தூக்கணாங்குருவி கூடு கட்டுவது இயல்பூக்கம். கற்றுக்கொடுக்க வேண்டா, மாற்றிக்கொள்ளவும் இயலாது. ஃபிராய்டு மனிதனைப் பற்றிப் பேசுமிடத்துப் பெரிதும் ஆண்ட சொல் வேறு. அதனை 'உந்துதல்' எனலாம். 1915ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவர் இதற்கு நான்கு இயல்புகளைக் கூறுகிறார். உடலில் ஓர் ஊற்று, இடைவிடா அழுத்தம், நிறைவு என்னும் இலக்கு, அந்நிறைவை அளிக்கும் ஒரு பொருள். இந்நான்கனுள் எளிதில் மாறக்கூடியது இறுதியில் நிற்கும் பொருளே என்கிறார். குருவிக்கு இல்லாத இந்நெகிழ்ச்சி மனிதனுக்கு உண்டு. அதனாலேயே ஒருவனது சினம் கவிதையாகவும், மற்றொருவனது சினம் தன் உடலையே வருத்தும் நோயாகவும் மாற முடிகிறது. 1920க்குப் பின்னர் அவர் உந்துதல்களை வாழ்வுந்துதல், சாவுந்துதல் என இரண்டாக்கினார். இப்பிற்காலப் பகுப்பை அவருடைய மாணாக்கரிற் பலரே ஏற்கவில்லையாதலின், அதனை இங்கு விரிக்கவில்லை. ஈடிப்பசுச் சிக்கலும் அவ்வாறே. அதனை வகுப்பில் விளக்கலாம், மலரில் வேண்டா.

உந்துதல் தன் பொருளை மாற்றிக்கொள்வதற்குக் காரைக்காலிலேயே ஒரு கதை உண்டு. சேக்கிழார் பாடிய காரைக்கால் அம்மையார் வரலாற்றில், மனைவி புனிதவதியின் கையில் இரண்டாம் மாங்கனி வந்த விதத்தைக் கண்ட பரமதத்தன் அஞ்சுகிறான். இவள் மானிடப் பெண் அல்லள் என முடிவு செய்து, வாணிகம் எனச் சொல்லிக் கப்பலேறிப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து வாழ்கிறான். அங்குப் பிறந்த பெண்மகவுக்கு அவன் இட்ட பெயர் புனிதவதி. பத்தி நெறியில் நின்று காண்போர்க்கு இது வழிபாடு. சேக்கிழாரின் கருத்தும் அதுவே. உளப்பகுப்பாய்வு நோக்கிற் காண்போர்க்கோ, மனைவி என்னும் உறவிலிருந்து அச்சத்தால் விலக்கப்பட்ட அன்பு, மகள் என்னும் வேறொரு பொருளைப் பற்றிக்கொண்டு திரும்பி வந்திருப்பது புலனாகும். இரண்டு நோக்கும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. திறனாய்வு மாணவர் முன்னதை மறுத்துப் பின்னதை நிறுவ முற்படுவது தேவையற்ற துணிவு.

எல்லைச் சாவடி

நனவிலி மனத்தில் உள்ளவை நனவுக்கு வரவொட்டாமல் தடுப்பது எது? ஃபிராய்டு தம் விரிவுரைகளில் ஒரு வீட்டை உவமித்தார். பெரிய முன்கூடத்தில் எண்ணங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்ளறையின் வாயிலில் ஒரு காவலன் நின்று, உகந்தவற்றை மட்டும் விடுகிறான்.

நமக்கு வியன்னா வீடு வேண்டா, பூவம் போதும். தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வரும் கடற்கரைச் சாலை, நண்டலாற்றைக் கடந்து பூவத்தில் காரைக்கால் எல்லையுட் புகுகிறது. எதிர்த்திசையிற் செல்லும் வண்டிகளைச் சாவடியில் நிறுத்திச் சோதிப்பர். எதைத் தேடுகின்றனர் என்பதை இப்பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இப்பக்கம் விலை மலிந்த மதுப்புட்டி அப்பக்கம் தன் உருவிற் செல்ல இயலாது. எனவே காய்கறி மூட்டையாகவும், இருக்கையின் அடியாகவும் மாறிச் செல்கிறது. கனவு இயங்கும் விதமும் இதுவே. தடுக்கப்பட்ட விருப்பம் பலவற்றை ஒரு பொதியாகச் சுருக்கிக் கட்டுகிறது. முதன்மையானதை எவரும் நோக்காத மூலையில் வைத்து, அற்பமானதை முன்னே நிறுத்துகிறது. முன்னது செறிவாக்கம், பின்னது இடப்பெயர்ச்சி. உறக்கத்திற் காவலன் சற்றுக் கண்ணயர்வதால் கனவு எல்லை கடக்கிறது. ஆயினும் மாறுவேடம் இன்றிக் கடக்குமளவு அவன் உறங்குவதில்லை.

காவலைக் கடுமையாக்கினாற் சரக்கு அழிந்துவிடுமா? சாலையை விட்டு ஆற்றுத்துறையைத் தேடும். பகலில் அடக்கப்பட்டதொன்று கைந்நடுக்கமாகவும், காரணமற்ற அச்சமாகவும், நாத்தடுமாற்றமாகவும் வெளிப்படுவதைத்தான் ஃபிராய்டு நோய்க்குறி என்றார். இது அவருடைய கொள்கையின் உயிர்ப்பகுதி. ஏனைய பகுதிகளை ஐயுறுவோரும் இதனை எளிதில் தள்ளிவிடுவதில்லை.

கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்கு

இக்கொள்கை மேலைநாட்டார்க்கே உரியது, நமக்கு எவ்வாறு பொருந்தும் என வினவுவோர் உண்டு. அவ்வினாவை ஃபிராய்டிடமே கேட்டவர் ஓர் இந்தியர். கல்கத்தா மருத்துவரான கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) எந்த ஐரோப்பிய ஆசானிடமும் பயிலாமல், தம் நோயாளரை ஆராய்ந்தே ஒடுக்கம் என்னும் கருத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நூலை ஃபிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்ததில்லை. 1922இல் கல்கத்தா பார்சிபாகன் சந்தில் தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைப் போஸ் நிறுவினார். அவ்வாண்டே அது பன்னாட்டுச் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தாலான திருமால் சிலை ஒன்று சென்றது. இன்றும் அது இலண்டனில் ஃபிராய்டு வாழ்ந்த இல்லமான அருங்காட்சியகத்தில் உள்ளது.

போஸ் தலையாட்டும் மாணவர் அல்லர். ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு நேர்மாறான விருப்பம் ஒன்று இரட்டையாகப் பிறக்கிறது. ஒன்று வெளிப்படும்போது மற்றது ஒடுங்குகிறது என்பது அவருடைய எதிர் விருப்பக் கொள்கை. அடிக்க விழைபவனின் உள்ளத்தடியில் அடிபட விழையும் விருப்பமும் உண்டு. தந்தையின் தண்டனைக்கு அஞ்சும் அச்சம் ஐரோப்பிய நோயாளரிடம் உள்ள அளவு தம் இந்திய நோயாளரிடம் காணப்படவில்லை எனவும், சமூக வாழ்வின் வேறுபாடே அதற்குக் காரணம் ஆகலாம் எனவும் அவர் ஃபிராய்டுக்கு எழுதினார். ஃபிராய்டு இதனை முழுதும் ஏற்கவில்லை. ஆயினும் ஏற்பும் மறுப்பும் நாகரிகமாக நிகழ்ந்தன. தம் துறையைத் தாய்மொழியாம் வங்காளத்திலும் எழுதிய போஸின் முன்மாதிரியைத் தமிழ்த்துறையினர் சிறப்பாகக் கருத வேண்டும். ஒரு கொள்கையை வணங்கவும் வேண்டா, வையவும் வேண்டா. நம் மண்ணில் நின்று சோதித்துப் பார்க்கலாம் என்பதற்கு அவரே சான்று.

நப்ஸின் நிலைகள்

இனிச் சமன்பாட்டுக்கு வருவோம். தீமையைத் தூண்டும் நப்ஸ் பற்றித் திருக்குர்ஆன் யூசுப் அத்தியாயத்திலும் (12:53), தன்னையே பழிக்கும் நப்ஸ் பற்றி கியாமா அத்தியாயத்திலும் (75:2), அமைதியுற்ற நப்ஸ் பற்றி ஃபஜ்ர் அத்தியாயத்திலும் (89:27) குறிப்பிடுகிறது. இம்மூன்றையும் ஆன்மப் பயணத்தின் படிகளாகச் சூஃபியர் விரித்துரைத்தனர். தமிழில் தக்கலை பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் பாடியவற்றில் மனத்தை அடக்கும் போராட்டமே பெரும்பொருள் என்பது மாணவர் அறிந்ததே.

ஒற்றுமை இல்லாமல் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யா நூலில் உள்ளத்தின் விந்தைகளைக் கூறுமிடத்து, அறிவை வேட்டைக்குச் செல்லும் குதிரைவீரனாகவும், இச்சையை அவன் குதிரையாகவும், சினத்தை அவன் நாயாகவும் உவமிக்கிறார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஃபிராய்டும் 'நான்' என்பதைக் குதிரைவீரனாகவும் 'அது' என்பதைக் குதிரையாகவும் உவமித்தார். ஆயினும் உவமையின் முடிவைக் கவனிக்க வேண்டும். கஸ்ஸாலியின் வீரனுக்குச் சேர வேண்டிய இடம் உண்டு. குதிரை பழக்கப்பட்டதானால் அவன் வெல்வான். ஃபிராய்டின் வீரனோ, குதிரை செல்ல விரும்பும் திசையிலேயே அதனைச் செலுத்தி, தானே செலுத்துவதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலையிற் பல வேளைகளில் இருக்கிறான்.

முதல் முறிவு இங்கே. நப்ஸ் ஒன்றே, அது நிலை மாறுகிறது, உயர்கிறது. ஃபிராய்டின் மூன்று கூறுகளோ எக்காலமும் உடனுறைவன. எத்துணைச் சான்றோனிடத்தும் 'அது' விடைபெற்றுச் செல்வதில்லை. 'நான்' மூன்று எசமானர்களுக்கு ஊழியம் செய்யும் ஏவலாள்: புறவுலகம், 'அது', 'மேல்நான்'. இவ்வேவலாளை அமைதியுற்ற ஆன்மாவுடன் ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்? 'அது' என்பதும் நப்ஸ் அம்மாராவைப் போலத் தீமையின் உறைவிடம் அன்று. நன்மை தீமை அறியாதது. பசித்த குழந்தை போல்வது.

ஆயினும் பெரிய முறிவு லவ்வாமாவுக்கும் மேல்நானுக்கும் இடையிலேயே உள்ளது. தன்னைப் பழிக்கும் ஆன்மாவின் மீது இறைவன் சத்தியம் செய்கிறான். அது மதிப்புக்குரிய நிலை. ஃபிராய்டின் மேல்நான் அத்தகையது அன்று. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் குரல் குழந்தையினுள் குடிபுகுந்து நிலைத்த உருவம் அது. மேலும், வெளியே செலவிட இயலாத சினம் உள்நோக்கித் திரும்பி அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பெற்றோர் கடுமையற்றவராக இருந்த வீட்டிலும் மேல்நான் கொடியதாக வளரலாம். 1930ஆம் ஆண்டு வெளிவந்த, நாகரிகத்தின் மனக்குறை பற்றிய நூலில் ஃபிராய்டு இரண்டு செய்திகளைச் சுட்டுகிறார். ஒழுக்கத்திற் சிறந்தவனிடமே மேல்நான் மிகக் கடுமையாக நடந்துகொள்கிறது என்பது ஒன்று. செய்த தீமைக்கும் எண்ணிய தீமைக்கும் அது வேறுபாடு காண்பதில்லை என்பது மற்றொன்று. எண்ணம் அதனிடமிருந்து ஒளிய முடியாதாகையால், எண்ணியவனையும் செய்தவனைப் போலவே தண்டிக்கிறது.

எண்ணமும் செயலும்

இவ்விடத்தில் நபிமொழியை நினைவுகூர்வோம். தம் உம்மத்தினரின் உள்ளத்தில் எழும் எண்ணங்களை, அவர்கள் சொல்லாமலும் செய்யாமலும் இருக்கும்வரை அல்லாஹ் பொறுத்துக்கொண்டான் என நபிகள் நாயகம் (ஸல்) அருளியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தோழர் சிலர் வந்து, வாயாற் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன எனக் கலங்கியபோது, அக்கலக்கமே தெளிவான ஈமான் என விடையளித்ததும் முஸ்லிமில் உண்டு. தீமையை எண்ணி, இறைவனுக்காக அதனைக் கைவிட்டவனுக்கு ஒரு நன்மை எழுதப்படுகிறது.

மேல்நான் எண்ணத்தையும் செயலையும் ஒன்றாக்குகிறது. மார்க்கம் அவற்றைப் பிரிக்கிறது. ஆதலின் தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் இளைஞனிடம், "அது லவ்வாமா பேசும் குரல், நல்லதுதான்" எனக் கூறுவது, உள்ளிருக்கும் ஒரு கொடிய காவலனுக்கு மார்க்கத்தின் சீருடையை அணிவிப்பதாகும். இது நம் கருத்து. மாறுபடுவோர் தம் சான்றுகளைக் காட்டலாம்.

வஸ்வாஸ் என நாம் வழங்கும் நோய்க்கு இது நேரே பொருந்தும். ஒளுச் செய்தோமா என்னும் ஐயத்தால் மீண்டும் மீண்டும் கைகால் கழுவி, தொழுகை நேரம் தவறி அழுவோர் உளர். உறுதியானதை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்வையத்தைப் பொருட்படுத்த வேண்டா என்றே அறிஞர் கூறினர். ஃபிராய்டு 1907இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நோய்ச்செயலையும் சமயச் சடங்கையும் ஒப்பிட்டு, சமயத்தையே பொதுவானதொரு நோயாகக் காணும் எல்லைக்குச் சென்றார். அதனை நாம் ஏற்பதற்கில்லை. வஸ்வாஸால் வருந்துபவனைத் தடுத்து நிறுத்தச் சமயமே விதி வகுத்திருக்க, சமயத்தை அந்நோயாகவே கருதுவது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும் இந்நோய்க்கு இன்றைய மருத்துவர் முதலில் நாடுவது ஃபிராய்டின் முறையை அன்று. அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்து, கழுவும் செயலைத் தவிர்க்கப் பழக்கும் நடத்தைவழிச் சிகிச்சையும் மருந்துமே இன்று வழக்கில் உள்ளன. ஃபிராய்டின் கூற்றுகளைப் பொய்ப்பிக்க வழியில்லாமையால் அவை அறிவியல் ஆகா எனக் காரல் பாப்பர் எழுப்பிய மறுப்பும் வலுவுடையதே.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு சொல். மனம் பேதலித்தவரை நாகூருக்கும் ஏர்வாடிக்கும் அழைத்துச் செல்வது இக்கரையோரத்தில் நெடுங்கால வழக்கம். அங்குக் கிடைக்கும் ஆறுதலைக் குறைத்துக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றிற் பற்றிய தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துள்ளது. துஆவுக்கு அழைத்துச் செல்வோர் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லட்டும். ஒன்று மற்றதற்குத் தடையன்று.

உள்ளத்தின் நோய் ஈமானின் குறைவால் வருவது எனக் கருதுவோர், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்மைப் பற்றித் தாமே எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும். 1095ஆம் ஆண்டு, பாக்தாது நிசாமியா கல்விக்கூடத்தின் பேராசானாக அவர் புகழின் உச்சியில் இருந்தார். பதவியைத் துறந்து செல்ல ஒரு மனம், இருக்க ஒரு மனம் என ஆறு திங்கள் அளவு அலைக்கழிந்தார். ஒருநாள் நாவு கட்டுண்டது. மாணவர்க்குப் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. பின்னர் உணவும் நீரும் தொண்டையில் இறங்கவில்லை. மருத்துவர் சோதித்து, இது உள்ளத்தில் இறங்கிய துயர், அங்கிருந்து உடலிற் பரவியுள்ளது. உள்ளத்தின் கலக்கம் நீங்கினாலன்றி மருந்தாற் பயனில்லை எனக் கைவிட்டனர். சரியாக எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1895இல் பிராயர் என்னும் மருத்துவரும் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலின் முதல் நோயாளியான வியன்னாப் பெண், தாய்மொழியிற் பேசும் திறனை இழந்தவள். தாகம் இருந்தும் சில வாரம் நீர் பருக இயலாதவள். அந்நூலிலிருந்தே உளப்பகுப்பாய்வின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

கஸ்ஸாலி இறைவனிடம் இறைஞ்சினார், செல்வத்தைப் பகிர்ந்தளித்தார், பாக்தாதை விட்டு வெளியேறினார். டமாஸ்கசிலும் ஜெரூசலத்திலும் தனிமையிலும் தொழுகையிலும் காலம் கழித்தார். பதினோராண்டுகளுக்குப் பின், 1106இல் நைசாபூரில் மீண்டும் மாணவர் முன் அமர்ந்து பாடம் சொல்லத் தொடங்கினார்.